அண்ணமார் காசும் மறையூர் வெல்லமும்

போன தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை வரை இந்தப் பயணம் என் திட்டத்திலேயே இல்லை. வேலை முடிந்து வந்து காபி கலந்துகொண்டிருந்தபோது மறையூரிலிருந்து நங்கை போன் செய்தார். (அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, பெரியப்பா மகன்.) கரும்பு வெட்டு, பிள்ளைகளின் பரீட்சை, மலைக்குளிர் எல்லாவற்றையும் பேசி முடித்து, போனை வைக்கப் போகிற நேரத்தில் போகிறபோக்கில் ஒன்று சொன்னார்.

"ஞாயித்துக்கெழம ஒடுமலப்பேட்டைல இருந்து ஆசாரி வராருங்க அம்மிணி. அண்ணமார் காசு தேஞ்சு போச்சில்லீங்க, அத உருக்கிப் புதுசாத் தகடு அடிக்கறாங்க."

காபியை அப்படியே வைத்துவிட்டுப் பையை எடுத்தேன்.

அந்தக் காசைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் பதறினேன் என்று உங்களுக்குப் புரியாது. நான் பிறந்தது வடகரப்பதிப் பக்கம். பாலக்காட்டின் கிழக்குக் கோடி, அரை நாழி நடந்தால் கோயம்புத்தூர் மாவட்டம். எங்கள் குலசாமி அண்ணமார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே பீடத்தில் நிற்கும் சாமி. மாசி நோம்பி அன்று, அதாவது திருவிழா நாளில், அவர்கள் கழுத்தில் ஒரு வெள்ளிக் காசைக் கட்டுவோம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியது, மேலே ஒரு ஓட்டை. காசில் இரண்டு ஆண்கள் நேராக நிற்பார்கள், ஆளுக்கொரு கேடயம், ஆளுக்கொரு வேல். தலைக்கு மேலே ஒரு பக்கம் பொங்கல் அகப்பை, மறுபக்கம் தொரட்டி. பார்த்தவுடன் எவருக்கும் தெரியும், அது எங்கள் அண்ணமார்தான். எந்த உழவில் எந்தத் தலைமுறையில் கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. நோம்பி முடிந்ததும் காசு சாமிப் பெட்டியில் ஏறும், பெட்டி வருடத்துக்கு ஒரு பங்காளி வீடாகச் சுற்றும். அந்த வருடம் முறை, கரும்புக்காக மறையூரில் குடியேறிவிட்ட என் அண்ணன் வீட்டுக்கு.

இதில்தான் எங்கள் ஆட்களின் கைங்கரியம் இருக்கிறது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது காசு போன வருடத்தைவிடப் பளபளவென்று இருக்க வேண்டும். அது வீட்டு மானம். எனவே முறைக்கு வந்த ஒவ்வொரு வீடும் புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் காசைத் தேய் தேய் என்று தேய்த்துத் தள்ளியது. பக்தி அதிகமாக அதிகமாகச் சாமி குறைந்துகொண்டே வந்தார். அதற்கு முந்தின மாசியில் பூசாரி காசைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, உருவம் சிதைந்ததைச் சாமிக்குக் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். பழைய வெள்ளியோடு புது வெள்ளி சேர்த்து உருக்கிப் பெரிய தகடாக அடித்துவிடலாம் என்று பங்காளிகள் முடிவு செய்திருக்கிறார்கள். நங்கை போனில் சொல்லும் வரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நான் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து மாலை வரை உலோகம் உருகுவதைப் பார்ப்பவள். உலைக்குள் போனது என்னவாகும் என்று எனக்குத் தெரியும், ஆசாரி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொழுதுபோக்கு, பழைய நாணயங்களைப் பற்றிப் படிப்பது. சில வருடங்களுக்கு முன் ஒரு நோம்பியில் சாமி கழுத்துக்கு மிக அருகில் நின்றபோது அந்தக் காசை நன்றாகப் பார்த்துவிட்டேன். அது ரோமாபுரி வெள்ளிக் காசு. அவர்கள் அதை தெனாரியஸ் என்பார்கள். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன், இன்றைய பிரான்ஸ் நாட்டில் இருக்கும் லியோன் நகரத்தில், அகஸ்டஸ் பேரரசர் அடித்தது. நம் மிளகுக்கும் மணிக்கும் விலையாகக் கப்பலேறி வந்து, மேற்குக் கரையில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குக்குள் நடந்த பணம். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளில் இந்த இரண்டு பேர் நிற்கும் காசு நிறையவே உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்களும் பார்த்திருக்கலாம். ஆனால் மாசிக்கு மாசி பொங்கல் வாங்கிக்கொண்டு, கழுத்தில் கட்டப்பட்டு, ஊர் கும்பிட வாழ்ந்துகொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்களிடம் இருக்கிறது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை உருக்கப் போகிறார்கள். தடுக்க எனக்கு உரிமையும் கிடையாது. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் குலத்துக்குப் போய்விட்டவள். பிறந்த குலத்துச் சாமி விஷயத்தில் வாயைத் திறக்க முடியாது. காசு ரோமாபுரியுடையது என்று உண்மையைச் சொல்லிக் காப்பாற்றலாமா? "அப்ப இது அண்ணமாரே இல்லையா" என்று கேட்டுவிட்டு இன்னும் நிம்மதியாக உருக்குவார்கள். சொன்னாலும் போய்விடும், சொல்லாவிட்டாலும் போய்விடும். இந்தக் குழப்பத்தோடுதான் சனிக்கிழமை விடியலில் கிளம்பினேன்.

கஞ்சிக்கோட்டிலிருந்து மறையூருக்குப் போக எல்லோரும் கோயம்புத்தூரைச் சுற்றச் சொல்வார்கள். வேண்டாம். கொழிஞ்சாம்பாறை வந்துவிட்டால் அங்கிருந்து பொள்ளாச்சி இருபத்தைந்து கிலோமீட்டர்தான், அடிக்கடி பேருந்து உண்டு. என் கணவர் பைக்கில் கொழிஞ்சாம்பாறையில் இறக்கிவிட்டார். "சண்ட கிண்ட போட்டுட்டு வந்துறாத" என்று வழியனுப்பினார், என் சுபாவம் தெரிந்தவர். ஆறரைக்குப் பேருந்து. இரண்டு பக்கமும் தென்னை, சோளத்தட்டு, எல்லை தாண்டியதும் தமிழில் மாறும் கடைப்பலகை. கடைக்காரரின் பேச்சு மட்டும் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். பொள்ளாச்சியில் இட்லி, அங்கிருந்து உடுமலைப்பேட்டை இருபத்தேழு கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு உடுமலைப் பேருந்து நிலையத்தில் மூணாறு போகும் வண்டி நின்றது. மறையூருக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், டிக்கெட் நூறு ரூபாய்க்குள்.

முன்னாலேயே இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். அமராவதி அணையின் கிளைச்சாலையைக் கடந்ததும் காடு தொடங்கிவிடும். சின்னாறு சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும், பையில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மழை மறைவுப் பகுதி என்பதால் காடு பச்சையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முள்ளும் கள்ளியும் காய்ந்த புல்லும்தான். யானை பார்த்தோம், தாயும் குட்டியும். வண்டியில் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். எனக்கு யானை மேல் மனமில்லை. நடத்துனர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்காச்சும் உடம்புக்கு முடியலியாக்கா?" என்று கேட்டார். "எங்க குலசாமிக்குத்தான்" என்றேன். அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

சின்னாறு தாண்டி ஏற ஏறச் சந்தனக் காடு, கம்பி வேலி, காவல். பதினொன்று ஆவதற்குள் மறையூர். அங்கிருந்து கோவில்கடவுப் பக்கம் அண்ணனின் ஆலைக் கொட்டகைக்கு ஜீப்பில் போனேன், நூற்றைம்பது ரூபாய் வாங்கினார்கள். கரும்புப் பால் காயும் வாசனை, கொட்டகை கண்ணில் படும் முன்பே மூக்குக்கு வந்துவிடும். வழி கேட்கவே வேண்டாம்.

அண்ணனுக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். அடுப்புக்குச் சக்கை தள்ளிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "வா அம்மிணி. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கறே. ஊட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?" என்றார். நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் காசைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் நங்கையை ஒரு பார்வை பார்த்தார். நங்கை சட்டென்று வெல்லத் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு கொட்டகைக்கு அடுத்தாற்போல. குளித்து வந்து பெட்டியைத் திறந்தார் அண்ணன். காசைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நான் நோம்பியில் பார்த்ததைவிட மோசம். பளபளப்புக்கு மட்டும் குறைவில்லை. இரண்டு பேர் நின்ற இடத்தில் இரண்டு லேசான மேடு, அவ்வளவுதான். திருப்பினேன். பின்பக்கம் தடிமனாகச் சந்தனமும் மஞ்சளும் அப்பிக் காய்ந்து கிடந்தது. சாமி இருக்கும் பக்கத்தைத்தான் துலக்குவது வழக்கம், பின்பக்கத்துக்குச் சந்தனக் காப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து விரலால் மெல்லத் தள்ளினேன். உள்ளிருந்து ஒரு தலை வந்தது. கூர்மூக்கு, தாடை, நெற்றியைச் சுற்றி இலை மாலை, ஓரமெல்லாம் ரோமன் எழுத்து. இன்று காலை அடித்ததுபோல இருந்தது. அகஸ்டஸ் பேரரசர் எங்கள் சந்தனத்துக்குள் சௌகரியமாகப் படுத்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

அண்ணன் அசையவில்லை. "பொறத்தால எவனோ ஒருத்தன் தலை இருக்குதுன்னு எல்லாருக்குந் தெரியும். எனக்கு வேண்டியது மொகப்பு. சாமி எங்க இருக்குது? எனக்குத்தான் கண்ணு மங்கலா? நீ காட்டு பாக்கலாம்" என்றார்.

வெளிச்சத்தில் பிடித்தேன். கண் கூசியது. போனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். மினுக்கம்தான் பெரிதானது. அப்போதுதான் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் செய்வது நினைவுக்கு வந்தது. உலோகத்தின் மேற்பரப்பைப் பளபளப்பில் பார்க்க முடியாவிட்டால், இளக்கிய மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டை அதன்மேல் அழுத்தி அச்சு எடுத்து, அந்த அச்சைப் பார்ப்போம். வெள்ளி ஏமாற்றும், அச்சு ஏமாற்றாது. அச்சு எடுக்க மென்மையாக என்ன இருக்கிறது இந்த மலையில்? கொட்டகை முழுக்க இருக்கிறது.

காசை எடுத்துக்கொண்டு ஓடினேன். மரத்தொட்டியில் ஊற்றிய பாகு அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது. அவசரத்தில் காசின் முகப்பை அதன்மேல் வைத்து லேசாகத்தான் அழுத்தினேன். என் விரலை விட்டு வழுக்கி, எங்கள் குலசாமி பாகுக்குள் முங்கிவிட்டார்.

"ஐயோ, சாமி உள்ள போயிருச்சு!" என்று ஒரு பெண் கத்தினாள். கொட்டகையில் வேலை நின்றது. அண்ணன் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஆளாளுக்குக் கரண்டியும் மரத்துடுப்புமாகத் தொட்டியைச் சூழ்ந்தோம். சூட்டில் கை வைக்க முடியவில்லை. நான் உருக்கக் கூடாது என்று நூறு கிலோமீட்டர் ஓடி வந்து, நானே பாகில் போட்டுவிட்டு நிற்கிறேன்! கடைசியில் நங்கைதான் துடுப்பால் துழாவி எடுத்தார். காசு பத்திரம். வெள்ளிக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை, என் மானத்துக்குத்தான் சேதம்.

கழுவித் துடைத்துக் காசை என்னிடம் தராமல் தன்னிடமே வைத்துக்கொண்டார் நங்கை. "பாகு இப்ப ஆகாதுங்க அம்மிணி. உருண்டை புடிக்கற பதம் வரட்டும்" என்றார். பதம் வந்ததும் கையில் எண்ணெய் தொட்டு ஒரு பெரிய உருண்டை பிடித்தார். அதன் தலையை உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கினார். காசின் ஓட்டையில் ஒரு நூலைக் கோத்து, உருண்டைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, நூலைப் பிடித்து நேராகத் தூக்கினார். பிறகு கொட்டகை வாசலுக்கு எடுத்துப் போய், வெயில் பக்கவாட்டில் விழும்படி பிடித்தார்.

நின்றார்கள். மிகத் தெளிவு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெல்லத்தின் பழுப்பில் மினுக்கம் கிடையாது, நிழல் மட்டும்தான். அந்த நிழலில் இரண்டு பேர் தோளோடு தோள் நின்றார்கள். நடுவில் இரண்டு வட்டக் கேடயம், பின்னால் சாய்ந்த வேல்கள், மேலே ஓட்டைக்கு இந்தப் பக்கம் அகப்பை, அந்தப் பக்கம் தொரட்டி. அத்தனை பேர் தேய்த்தும் அவர்கள் போகவில்லை.

அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக வாசல் பக்கம் அழைத்து, தணிந்த குரலில் கேட்டார்.

"நீ இதப் பத்தியெல்லாம் படிக்கறவ. நெசத்தச் சொல்லு அம்மிணி. இவிய அண்ணமாரா?"

இதற்குத்தான் வழிநெடுக பயந்துகொண்டு வந்தேன். அந்த நேரத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லீங்கண்ணா. ரோமாபுரி ராசாவோட பேரப் பசங்க. காயஸ், லூசியஸ்னு பேரு. பின்னால இருக்கற தலைதான் அந்த ராசா. ஆண் வாரிசில்லாம பேரனுங்களையே மகனா எடுத்து வளர்த்தவரு."

"அண்ணந் தம்பியா?"

"ஆமாங்கண்ணா. கூடப் பொறந்தவிய."

"அகப்பையும் தொரட்டியும்?"

"அது தொரட்டி இல்லீங்க, அவிய பூசாரி புடிக்கற வளைஞ்ச கோல். அகப்பை மட்டும் ஏறக்கொறைய அகப்பைதான். பூசையில சாமிக்கு ஊத்தற கரண்டி."

"பட்டத்துக்கு வந்தாங்களா?"

"வரலீங்கண்ணா. சின்னவன் போற வழியில சீக்கு வந்து போயிட்டான், இருபது வயசுகூட ஆகலை. பெரியவன் சண்டைக்குப் போன எடத்துல காயம்பட்டு, அதுலயே கொஞ்ச நாள்ல முடிஞ்சுட்டான். புள்ளை குட்டி கெடையாது. தாத்தா ரெண்டு பேரையும் வாரிக்குடுத்துட்டு உக்காந்திருந்தாரு."

அண்ணன் சக்கைக் குவியல் மேல் உட்கார்ந்தார். போச்சு, நானே ஆசாரிக்கு வழி விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் தலை நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அண்ணந் தம்பி. வயசுப் பசங்க. சண்டையில அடிபட்டு, ஆசை தீராம, வாரிசில்லாமப் போனவிய. இவியளக் கும்பிடாம நாம வேற யாரக் கும்பிடறோம்? நம்ம சாமிக எல்லாம் அப்படிப் போனவியதானே?" என்றார். "நீ இல்லீங்கறே. எனக்கு இப்பத்தான் ஆமான்னு தோணுது. அடியில இருந்து அந்தத் தாத்தன் தாங்கிட்டு இருந்திருக்கறான் பாரு."

எத்தனையோ ராத்திரி உட்கார்ந்து அந்தக் காசைப் பற்றிப் படித்திருக்கிறேன். இந்த ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் முன்னோர் கேடயத்தையும் வேலையும் பார்த்து ஆளைத் தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆள் வேறுதான். ஆனால் யாருக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்பதில் அவர்கள் தவறவே இல்லை. எனக்கு அந்த இடத்தில் என் குலத்தின் மேல் வந்த கர்வத்தை எழுத்தில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை.

அன்று பிற்பகல் முழுக்க அண்ணன் போனில்தான் இருந்தார். நங்கை எடுத்த வெல்ல அச்சின் படம் எல்லாப் பங்காளி வீட்டுக்கும் போனது. ஒருவர் மட்டும், முடிவு செய்ததை மாற்றக் கூடாது, அதுவும் கட்டிக்கொடுத்த பெண் பேச்சைக் கேட்டு மாற்றக் கூடாது என்று முரண்டு பிடித்தார். அண்ணன் பதில் எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னதுபோல இருந்தது: "பொறந்தவ இல்லாம நம்ம ஊட்டுல எந்தச் சீருங்க நடந்திருக்குது? அவ சொன்னாச் சொன்னதுதானுங்க." பூசாரி படத்தைப் பார்த்துவிட்டு, அச்சில் நிற்கிற உருவம் சிதைந்த உருவம் ஆகாது என்று தன் சொல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஆசாரி வந்தார். தகடு புது வெள்ளியில் அடிப்பது, காசை அதன் கீழே தொங்க விடுவது என்று பேசி முடிந்தது. இனிப் புளி இல்லை, சாம்பல் இல்லை, நார் இல்லை. தண்ணீரும் பஞ்சும் மட்டும். எந்த வீட்டு முறையானாலும் நோம்பிக்கு முந்தின நாள் காசைக் குளிப்பாட்டுவது என் பொறுப்பு என்று அண்ணன் முறை வைத்துவிட்டார். அச்சு விழுந்த அந்த உருண்டையைத் தின்னவும் முடியாது, விற்கவும் முடியாது. மாசிப் பொங்கலுக்கு அதைத்தான் போட்டோம்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். தை, மாசியில் போனால் மறையூரில் ஆலைகள் ஓடும், குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும். சின்னாறு காட்டுவழியை இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள், அதற்கேற்ப மதியத்துக்குள் உடுமலையை விட்டுக் கிளம்புங்கள். வெல்லத்தைக் கொட்டகையிலேயே வாங்குங்கள், வெளுப்பாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல மறையூர் வெல்லம் கரும்பழுப்புதான். தெனாரியஸ் பார்க்க ஆசையிருந்தால் பெரிய அருங்காட்சியகங்களின் நாணயப் பகுதிக்குப் போங்கள், முதலில் இரண்டு பேர் நிற்கும் காசைத் தேடுங்கள். உங்கள் காட்டில் உழும்போது பழைய காசு கிடைத்தால் கலெக்டர் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும், அது சட்டம். வீட்டில் ஏற்கனவே இருந்தால், தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

பிரான்ஸ் நாட்டில் நீம் என்ற ஊரில் அந்த இரண்டு பிள்ளைகள் பேரில் அன்றைக்கே ஒரு கோயில் கட்டினார்கள். தூண் சாயாமல் இன்றும் நிற்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம், விளக்கு மட்டும் கிடையாது. கும்பிட்டவர்கள் போய்ப் பல நூறு வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பையன்களுக்கு வருடம் தவறாமல் பொங்கல் வைக்கிற ஊர் உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது வடகரப்பதிப் பக்கம் இருக்கிறது. மாசியில் வாருங்கள். டிக்கெட் இல்லை, இலை போட்டுத்தான் அனுப்புவோம்.